திருகோணமலையில் மூன்று லினக்ஸும் ஒரு சேவலும்

கொழும்பில் ஒரு கண்காட்சியில் எங்கள் கல்லூரியின் மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் எனக்கு இட்ட வேலை. சிரித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த காலம், ஊர் சுற்றுகிற காலமல்ல. ஆனால் என் துணிப்பையில் ஒரு கட்டுக் குறுந்தகடுகள் இருந்தன. அவற்றைத் திருகோணமலையில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குக் கொடுத்தபோது நான் கோயம்புத்தூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லினக்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் கணினி இயங்குதளம். அதைப் பலர் பல விதமாகப் பொதிந்து தருவார்கள், அந்தப் பொதிக்கு வழங்கல் என்று பெயர். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சின்னம், ஒவ்வொரு சின்னத்துக்கும் பின்னால் ஒரு கூட்டம். சோறு ஒன்றுதான், சாம்பாரில்தான் சண்டை. லினக்ஸ்காரர்களான எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு மாதாமாதம் ஊர்வாரியாக அறிக்கை வரும்: யார் எதை நிறுவினார்கள், யாருக்கு அச்சுப்பொறி மக்கர் செய்கிறது, எத்தனை பேர் கூடிப் பஜ்ஜி தின்றார்கள் என்று. திருகோணமலையில் இருந்து மட்டும் மாதம் மூன்று அறிக்கைகள் வந்தன. மூன்றுமே 'திருகோணமலைக் குழு' என்று தொடங்கும். மூன்றுமே குழு ஒற்றுமையாக இயங்குவதாகச் சொல்லும். ஒன்றில் வரும் பெயர் மற்றதில் வராது. பெரிய குழு போலிருக்கிறது, கிளை பிரித்து நடத்துகிறார்கள் என்று நான் மரியாதையோடு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணையம் ஆமை வேகத்தில் ஊர்கிற இடம் அது. புதிய பதிப்புகளைத் தரவிறக்க அவர்களால் முடியாது. எனவே மூன்று பேர் கேட்ட புதுப்பிப்புகளையும் தகடுகளில் எழுதி எடுத்துப் போனேன். கட்டு கொஞ்சம் மெலிந்து தெரிந்ததால், எங்கள் மாணவர்கள் பழைய கணினிகளுக்காக விளையாட்டாகச் செய்த குட்டி வழங்கல் ஒன்றையும் சும்மா செருகிவைத்தேன். அதன் முகப்பில் ஒரு சேவல் நிற்கும். பெயரும் சேவல்தான்.

பேருந்தில் இருந்து எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்ன இடங்களுக்குக் கணக்கில்லை. திருகோணமலைக்குச் சற்று முன்னால் ஒரு காவலர் என் தகட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு காவல்குடிலுக்குள் போய்விட்டார். உள்ளே ஒரு தொலைக்காட்சியும் படம் போடும் பெட்டியும் இருந்தன. அவர் ஒவ்வொரு தகடாகப் போட்டுப் பார்த்தார். பேருந்து முழுவதும் வெயிலில் நின்று காத்திருந்தது. என்னைத் திட்ட வேண்டியவர்கள்கூடக் கதவு வழியாக எட்டி, என்ன படம் என்று பார்க்க முயன்றார்கள். கடைசியில் அவர் வெளியே வந்து கட்டை என் கையில் கொடுத்து, தோளைத் தட்டிச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்த கிண்ணியா வியாபாரி மொழிபெயர்த்தார்.

"ஒண்டுலயும் படம் வரல்லயாம் தம்பி. உங்கள ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்க எண்டு கவலப்படுறார்."

நான் நன்றி சொன்னேன். ஆயுதம் தாங்கிய ஒருவர் என்மேல் இவ்வளவு இரக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

திருகோணமலையில் மான்கள் நகருக்குள்ளேயே திரிகின்றன. புள்ளிமான்கள். கோட்டை வாசலில், மைதானத்தில், பேருந்து நிலையத்தில், எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடங்களிலெல்லாம் இங்கே மான் நிற்கிறது. முதல் பத்து நிமிடம் நான் பரவசத்தில் இருந்தேன். ஒரு கடைவாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். காப்பி கேட்டால் கொத்தமல்லியும் சுக்கும் மணக்கும் ஒன்றைக் கொடுக்கிறார்கள், காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதுபோல. தேத்தண்ணி அருமை. கூடவே தின்ன மீன் வைத்த பாண் என்கிற ரொட்டி அதைவிட அருமை. அந்த அருமையில் பையை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு பெண் மான் என் பைக்குள் தலையை விட்டிருந்தது.

தகடுகளை அது தொடவில்லை. காகித உறைகளைத்தான் ஒவ்வொன்றாக உருவித் தின்றிருந்தது. எது எந்தத் தகடு என்று எழுதியிருந்தது அந்த உறைகளில்தான். தகட்டின்மேல் பேனாவால் எழுதினால் மை உள்ளே இறங்கித் தரவைக் கெடுக்கும் என்று எங்கள் குழுவில் மாதக்கணக்கில் வாதம் நடந்து, உறையில் மட்டுமே எழுதுவது என்று தீர்மானம் போட்டிருந்தோம். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் மானை விரட்டவில்லை. அது ஒவ்வொரு நாளும் வருகிற மான் என்றும், அதற்குக் காகிதம் ஒத்துக்கொள்ளும் என்றும் எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் போய்ச் சேர வேண்டிய இடம் துறைமுக மதிலுக்கு எதிரே இருந்த ஒரு 'கொமினிக்கேஷன்'. தொலைபேசி பேசவும் நகல் எடுக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் போகிற கடைக்கு இங்கே அப்படித்தான் பெயர். கடைக்குச் சொந்தக்காரி கலாவதி, முப்பதை நெருங்குகிறவள். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. சம்பூரில் இருந்தவர்கள். போரில் ஊரே எழும்பி ஓடியபோது ஓடி வந்து, அத்தை வீட்டின் முன்னறையில் இந்தக் கடையைப் போட்டிருந்தாள்.

"இந்தியாவில இருந்து சீடி கொண்டு வாறவர் நீங்கள்தானே? இருங்கோ. அவையள் வாறதுக்கு முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. வந்தா உங்களைக் குடிக்க விடமாட்டினம்."

அவர்கள் வந்தார்கள். திருகோணமலைக் குழு மொத்தமே மூன்று பேர். கணக்கு டியூசன் நடத்தும் நவம் மாஸ்டர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சிவகுமார். வானொலிப் பெட்டி திருத்தும் றியாஸ். மாஸ்டரின் வழங்கலுக்குச் சின்னம் ஒரு சுழி, சிவகுமாருடையதற்குத் தொப்பி, றியாஸுடையதற்குப் பல்லி. மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மென்பொருளை எப்படிப் பொதிய வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை, எங்கே போய் முடிந்தது என்று அவர்களுக்கே மறந்துவிட்டது. ஆனால் ஊரில் லினக்ஸ் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லாததால், ஒருவரை ஒருவர் பார்க்காமலும் அவர்களால் இருக்க முடியவில்லை. ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து கலாவதி வழியாகப் பேசினார்கள். மாஸ்டர் சுவரைப் பார்த்து, "கலா, தொப்பிக்காரருக்குச் சொல்லு" என்பார். ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சிவகுமார் அது கேட்காததுபோல, கலா சொல்லும்வரை காத்திருப்பார்.

நடுவில் கடல் பக்கமிருந்து தடாரென்று ஒரு சத்தம். நான் மேசைக்குக் கீழே பாதி போய்விட்டேன். அது கடற்படைக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் போடுகிற குண்டு, யாரும் நீந்தி வந்துவிடாமல் இருப்பதற்காக நாள் முழுக்கப் போடுவார்கள் என்று கலாவதி சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு யாரும் இமைகூட அசைக்கவில்லை. பல்லியில் எழுத்துரு கொஞ்சம் மங்கல் என்று நான் வாய்தவறிச் சொன்னதற்கு றியாஸின் முகம் வெளுத்துவிட்டது.

கலாவதியின் கணினி ஒன்றுதான், ஆனால் அதைத் திறந்தால் மூன்று வாசல். விண்டோஸ் வைரஸ் பிடித்துச் செத்தபோது, சரிசெய்து தருவதாக மூவரும் தனித்தனியே வந்து ஆளுக்கொரு வழங்கலை நிறுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் மற்றவருடையதை அழிக்கவில்லை. அந்த அளவுக்குக் கண்ணியம் இருந்தது. கொஞ்சம் நெருக்கித் தள்ளிவிட்டுத் தம்முடையதை வைத்தார்கள். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட வீட்டில் அடுப்படிக்கு இடமில்லாமல் போவதுபோல், கலாவதியின் சொந்தக் கோப்புகளுக்கு அதில் இடமே இல்லை.

அவளுக்கு அதில் நடக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். கணவன் யோகன் கத்தாரில் வேலை செய்கிறான். குழந்தை வயிற்றில் இருந்தபோது போனவன், இன்னும் அதைப் பார்க்கவில்லை. புகைப்படம் அனுப்பினால், படத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான், அசைவதைப் பார்க்க வேண்டும் என்கிறான். ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கணினியில் மாட்டுகிற, பெயர் ஊர் இல்லாத மலிவுக் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு நெட் கடையில் உட்கார்ந்து காத்திருப்பான். சனிக்கிழமை அவனைப் பாலைவனத்துக்குள் ஒரு வேலைத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே இணையமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஆறு மாதம்.

"அதுக்குள்ள இவள் நடக்கத் துவங்கிவிடுவாள்" என்றாள் கலாவதி. அதைச் சொல்லும்போது அவள் மூவரையும் பார்த்தாள். மூவரும் கணினியைப் பார்த்தார்கள்.

நான் வந்தது புதன்கிழமை. நடுநிலையாளன் என்பதால் ஒருவர் வீட்டில் மட்டும் சாப்பிடக்கூடாது என்று முடிவாயிற்று. வியாழன் காலை மாஸ்டர் வீட்டில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் றியாஸ் வீட்டில் புரியாணி, ஊரடங்குக்கு முன்னால் பொழுதோடேயே சிவகுமார் வீட்டில் பிட்டும் மீன் குழம்பும். ஒவ்வொரு வீட்டிலும் மற்ற வீட்டில் எவ்வளவு சாப்பிட்டேன் என்று விசாரித்து, அதைவிடக் கூட வைத்தார்கள். எங்கள் ஊர்ப் புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து தின்று வளர்ந்தவன் நான். மீன் குழம்போடு தின்ற பிறகு, இத்தனை வருடம் வீணாகிவிட்டதே என்று உண்மையாகவே வருந்தினேன். மூன்றாவது தட்டில் அந்த வருத்தமும் போய் மூச்சு முட்டல் மட்டும் மிஞ்சியது.

ஒருவர் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் இடையே கேமராவோடு மல்லுக்கட்டினோம். சுழியில் அது கண்ணே திறக்கவில்லை. தொப்பியில் எல்லோரும் பச்சையாகத் தெரிந்தோம். பல்லியில், கேமராவைக் கணினிக்குப் புரியவைக்கும் இயக்கியை றியாஸ் வானொலி திருத்துகிற பொறுமையோடு கட்டிச் சேர்த்த பிறகு, பிற்பகலில் திரையில் திடீரென்று கலாவதியின் குழந்தை தெரிந்தாள். குழந்தை தன்னைத் தானே பார்த்து மூக்கைச் சுருக்கியது. கலாவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் சுவரிடம், "பல்லிக்காரருக்குச் சொல்லு, பரவாயில்லை" என்றார். இதைவிடப் பெரிய சமாதானம் அந்த ஆண்டில் அந்தத் தீவில் நடந்திருக்காது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். வேறு எந்த ஊரில் எந்தத் தொழில் செய்கிறவனாக இருந்தாலும் விட்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போனபோது ஜும்மா தொழுகை முடிந்து றியாஸும் வந்துவிட்டிருந்தார். கலாவதி நீலச் சேலை உடுத்தித் தலையில் மல்லிகை வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் யோகன் வாங்கிக் கொடுத்த சேலையாம். கணினியைத் திறந்தாள். பல்லி வந்தது. கேமராவை மாட்டினாள். திரை கறுப்பாக இருந்தது. மீண்டும் மாட்டினாள். கறுப்பு.

விசாரணையில் தெரிந்தது இது. காலையில் ஊரடங்கு எடுத்ததும் முதலில் மாஸ்டர் வந்து, சின்ன வேலை என்று சொல்லி, என் தகடுகளில் தன்னுடையதைத் தேடிப் பிடித்துச் சுழியைப் புதுப்பித்திருக்கிறார். அவர் போனதும் சிவகுமார் வந்து தொப்பியைப் புதுப்பித்திருக்கிறார். அவர்கள் தொலையட்டும். கடைசியாக வந்தவர் றியாஸ். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல்லியை, தன் கையால் கேமராவை இயங்க வைத்த அதே பல்லியை, அவரே புதுப்பித்திருக்கிறார். உள்ளே இயங்குதளத்தின் கரு மாறியது. பழைய கருவுக்கென்று நேற்றுக் கட்டிய இயக்கி செத்தது.

"பழசாக் கிடந்திச்சு கலா. புதுசு கையில இருக்கக்குள்ள மனம் கேக்கல்ல."

றியாஸ் அழுதுவிடுவார் போலிருந்தது. நியாயமாக மற்ற இருவரும் அவரை ஏசியிருக்க வேண்டும். ஏசவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று அந்த அறையில் நால்வருக்கும் தெரியும். கலாவதிக்கு மட்டும் அது புரியவில்லை. ஓடுகிற ஒன்றை ஏன் தொட்டீர்கள் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இயக்கியை மறுபடி கட்ட நேரமில்லை. கத்தாரில் யோகன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பான். மிஞ்சிய தகடுகளில் ஏதாவது உதவுமா என்று பார்க்க வேண்டியதுதான். உறையில்லாததால் எது எதுவென்று தெரியாமல், ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றும் முனகி எழும்பும்வரை காத்திருந்தோம். குழந்தைக்குத் தூக்கம் கலைந்து அழத் தொடங்கியிருந்தது. கடலில் குண்டு ஒன்று விழுந்தது. நான்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு தகடு மற்றவற்றைவிட வேகமாக எழுந்தது. திரை முழுக்கச் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் நின்றது. நான் சும்மா செருகிய எங்கள் மாணவர்களின் சேவல். கணினியில் நிறுவாமல் தகட்டில் இருந்தே ஓடக்கூடியது. அதைச் செய்த பையன்களில் ஒருவன், பெங்களூரில் இருந்த ஒரு பெண்ணை முகம் பார்த்துப் பேசுவதற்காகச் சந்தையில் விற்கும் மலிவுக் கேமராக்களின் இயக்கிகளை எல்லாம் தேடித் தேடி அதில் திணித்திருந்தான். கேமராவின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. குழந்தை சேவலைப் பார்த்து அழுகையை நிறுத்தியது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாஸ்டர் நேராகச் சிவகுமாரின் முகத்தைப் பார்த்து, "உது ஒரு லினக்ஸே?" என்று கேட்டார். சிவகுமார், கோழிக்கூட்டில் செய்திருப்பார்கள் என்றார். றியாஸ் இருவருக்கும் தலையாட்டி, எழுத்துருவைப் பாருங்கள் என்றார். ஆண்டுக்கணக்கில் பேசாதவர்கள் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைக்காத குறையாக நின்று சேவலைத் திட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் கல்லூரியை விட்டுக்கொடுத்து ஒரு சமாதானம் வருமென்றால் வரட்டும் என்று இருந்துவிட்டேன். றியாஸின் கை மெல்ல விசைப்பலகைப் பக்கம் போனது. எழுத்துருவை மட்டும் சரிசெய்வதற்காம்.

"இனி ஒருத்தரும் இதில கை வைக்கக் கூடாது" என்றாள் கலாவதி. அவள் சத்தம் போடவில்லை. குழந்தையை மாஸ்டரின் மடியில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து, விசைப்பலகையின் முன்னால் தானே உட்கார்ந்தாள்.

தொலைபேசிக் கம்பி வழியாகப் போகிற இணையம் அது, படம் ஓடாது, விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத்தான் போகும். ஒரு படம் அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு மிடறு தேத்தண்ணி குடித்துவிடலாம். கேமராவின் வயர் குட்டையானதால் அது பக்கத்துப் பெஞ்சைத்தான் பார்த்தது, விசைப்பலகையில் இருப்பவள் அதில் தெரிய வழியில்லை. முதல் படம் போனது: மாஸ்டரின் மடியில் குழந்தை. யோகன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான். பிள்ளை அழகாக இருக்கிறாள், வைத்திருப்பவர் யார்? கலாவதி மாஸ்டர் என்று பதில் எழுதினாள். குழந்தை சிணுங்கியதால் சிவகுமார் வாங்கிக்கொண்டார். இரண்டாவது படம் போனது. இவர் யார்? குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்ததால் றியாஸ் வாங்கிக்கொண்டார். மூன்றாவது படம். இவர் யார்? நான்காவதில் என் மடி. இந்தியாவில் இருந்து வந்தவர் என்று கலாவதி எழுதியதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. ஆசையாசையாகக் காத்திருந்த ஒருவன், பெற்ற பிள்ளையை நான்கு அந்நிய ஆண்களின் மடியில் மாறி மாறிப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று யோசித்து எனக்கு வியர்த்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. நீ எங்கே?

கலாவதி தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். விசைப்பலகையைத் தொட வேண்டாம் என்று எங்களிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டு எழுந்து, என் மடியில் இருந்த குழந்தையை எடுக்கக் கையை நீட்டினாள்.

குழந்தையை எடுத்து அவள் பெஞ்சில் உட்கார்வதற்குள் கரண்ட் நின்றது.

திரை அணைந்தது. சேவலும் போனது. கலாவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையின் முன்னால் நின்றாள். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு தின்று, இதைக்கூட முடிக்க முடியவில்லையே என்றிருந்தது.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. இணையம் அறுந்ததால் அது பிடித்துவைத்திருந்த தொலைபேசிக் கம்பி விடுபட்டிருந்தது, அழைத்தது யோகன். அவள் பாய்ந்து எடுத்தாள். எங்களுக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்தான்.

"ஓம். கரண்ட் போயிட்டுது... ஓம், கண்டனீங்களே அவளை?... ஓம்... அது என்ர கைதான்." சேலைக் கரையை விரலால் நீவினாள். பிறகு மெதுவாக, "ஓம். அந்த நீலச் சீலைதான்" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் படம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அதில் குழந்தையின் முகமும், பக்கத்தில் நீளும் ஒரு கையும், கொஞ்சம் நீலக் கரையும் இருந்தனவாம். நெட் கடைக்காரனிடம் சொல்லி அதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டானாம். பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறானாம்.

கரண்ட் வந்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். சேவலை எடுத்துவிட்டு, மூவருமாகச் சேர்ந்து, முறையான ஒன்றை நிறுவித் தரலாம் என்றார். மற்ற இருவரும் ஓம் என்றார்கள். கலாவதி தகட்டை வெளியே எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். அலுமாரியைத் திறந்து துணிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆறு மாசத்தால அவர் திரும்பவும் நெட் கடைக்கு வருவார். அண்டைக்கும் இந்தச் சீலையைத்தான் உடுப்பன், இதைத்தான் போடுவன். அதுவரைக்கும் இந்த மிசினில ஒண்டையும் புதுசாக்காதேங்கோ."

ஆறு மாதம் புதுப்பிக்காமல் இருப்பதென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று அவளுக்குத் தெரியாது. மாஸ்டர் சிவகுமாரைப் பார்த்தார், சிவகுமார் றியாஸைப் பார்த்தார். மூவரும் சரி என்றார்கள். அதற்கடுத்த மாதத்தில் இருந்து எங்கள் குழுவுக்குத் திருகோணமலையில் இருந்து ஒரே ஒரு அறிக்கைதான் வந்தது. மூன்று பேரும் கீழே பெயர் போட்டிருப்பார்கள், மேலே ஒரே ஒரு வரி இருக்கும்: கலாவதியின் கணினி அப்படியே இருக்கிறது.